தோளில் ஏறிய ஒலிச்சாலை

சலனப்படத்தைப் பார்த்தோம் என்று சொல்வதே உலக வழக்கு. கேட்டோம் என்று சொல்வார் இல்லை. நடிகர் பெயரும் நெறியாளர் பெயரும் ஊரறிந்தவை. ஒளிப்பதிவாளர் பெயரையும் சிலர் அறிவர். ஆனால் நடிகர் நின்று பேசிய இடத்திலேயே, பேசிய கணத்திலேயே, அவர் குரலைப் பிடித்து வைத்தவர் யார் என்று எவரும் வினவுவதில்லை. படம் முடிந்ததும் திரையில் ஓடும் நீண்ட பட்டியலில் அவர் பெயரும் உண்டு; அது வருமுன்னரே அவையோர் எழுந்துவிடுகின்றனர். அவர் வேலையைச் செவ்வனே செய்திருந்தால் ஒருவரும் கவனிப்பதில்லை. அது பிழைத்தால் மாத்திரம் அனைவரும் கவனிக்கின்றனர். இத்தகைய தொழில் எவ்வாறு தோன்றிற்று, படச்சாலையின் நான்கு சுவர்களைவிட்டு அது எவ்வாறு தெருவுக்கு வந்தது என்பது சுவையான வரலாறு. காதையே கண்ணாகக் கொண்டு பழகிய வானொலி நேயர்களுக்கு அவ்வரலாறு அயலானதன்று.

பேசும்படத்தின் பிறந்தநாளாக 1927ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆம் திகதியைக் குறிப்பிடுவர். அன்றே 'த ஜாஸ் சிங்கர்' என்னும் படம் நியூ யோர்க் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. எனினும், அதற்கு ஏறக்குறைய ஐந்து மாதங்களுக்கு முன்னரே குறிப்பிடத்தக்க நிகழ்ச்சியொன்று நடந்துவிட்டது. மே 20ஆம் திகதி காலை, சாள்ஸ் லிண்ட்பேர்க் என்னும் விமானி அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியனாகக் கடக்கப் புறப்பட்டார். பொக்ஸ் நிறுவனத்தின் செய்திப்படக் குழுவினர் ஒலிப்பதிவுக் கருவிகளுடன் அத்திடலிலே காத்திருந்தனர். அன்றிரவே நியூ யோர்க்கின் றொக்ஸி அரங்கிலிருந்தோர் அவ்விமானம் முழங்கி எழுந்த ஓசையைக் கேட்டனர். அந்நேரம் விமானி கடலின்மீது பறந்துகொண்டிருந்தார். அவர் உயிருடன் கரைசேர்வாரா என்பதை எவரும் அறியார். நிகழ்ந்த இடத்து ஓசைக்கு உள்ள வலிமை அன்று வெளிப்பட்டது.

ஆனால் கதைப்படங்களின் நிலை வேறாக இருந்தது. பேச்சு வந்ததும் கமரா சிறைப்பட்டது. அதன் இயந்திர ஓசை ஒலிவாங்கியில் விழாதிருத்தற்பொருட்டுக் கமராவையும் அதனை இயக்குபவரையும் ஒலி புகாத சிற்றறைக்குள்ளே அடைத்து வைத்தனர். ஒலிவாங்கியோ பூச்சாடிக்குள்ளும் மேசைவிளக்கின் பின்னும் மறைந்திருந்தது. நடிகர் அதைவிட்டு இரண்டடி விலகிப் பேசினாலும் குரல் கெட்டது. 1929ஆம் ஆண்டில் டொறதி ஆஸ்னர் என்னும் பெண் நெறியாளர், நடிகை நடமாடிக்கொண்டே பேசுதல் வேண்டும் என விரும்பி, ஒலிவாங்கியைத் தூண்டிற்கோலின் நுனியிற் கட்டித் தலைக்குமேலே பிடிக்கச் செய்தார் என்பர். இன்று உலகெங்கும் படப்பிடிப்புக் களங்களிற் காணப்படும் நீண்ட ஒலிவாங்கிக் கோலின் கதை இவ்வாறு ஒரு மீன்பிடி கருவியிலிருந்து தொடங்குகின்றது.

இந்தியாவின் முதற் பேசும்படமான 'ஆலம் ஆரா', 1931ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் திகதி பம்பாய் மஜெஸ்டிக் அரங்கில் வெளியாயிற்று. அதனை ஆக்கிய அர்தேஷிர் இரானியின் படச்சாலை புகையிரதப் பாதைக்கு அண்மையில் இருந்தது. பகலெல்லாம் வண்டிகள் ஓடின. ஒலியைத் தடுக்கும் சுவர்களும் அங்கில்லை. ஆகவே ஊர் உறங்கி வண்டிகளும் ஓய்ந்த பின்னர், நள்ளிரவு கடந்த வேளைகளிலேயே காட்சிகளிற் பெரும்பாலானவை படமாக்கப்பட்டன. ஒலிவாங்கிகளை நடிகரின் அருகே மறைத்து வைத்தனர். பதிவுக் கலையை அமெரிக்கப் பொறியியலாளர் ஒருவரிடம் குறுகிய காலத்திற் கற்றுக்கொண்ட இரானி, பின்னர் தாமே அப்பணியைப் பார்த்தார். ஓசையை வெல்ல முடியாதவர் ஓசை அடங்கும் நேரத்தைத் தேடிப் போனார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், படமெடுப்போர் உள்ளத்தில் படச்சாலையை விட்டு வெளியேற வேண்டும் என்ற வேட்கை மிகுந்தது. இத்தாலியில் விற்றோறியோ டி சீக்கா 1948ஆம் ஆண்டில் 'சைக்கிள் திருடர்கள்' என்ற படத்தை உரோமாபுரியின் தெருக்களில் எடுத்தார். இலங்கையிலே, அதுவரை சிங்களப் படங்களிற் பெரும்பாலானவை தென்னிந்தியப் படச்சாலைகளில் உருவாகிவந்த காலத்தில், லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1956ஆம் ஆண்டில் 'ரேகாவ' என்ற படத்தைக் கிராமத்து வெயிலுக்கும் வயலுக்கும் கொண்டுவந்தார். ஆயினும் இத்தாலியப் படங்களில் தெருவிலே நின்றவரின் குரல் தெருவிற் பதிந்ததன்று; பின்னர் ஓர் அறைக்குள்ளே, பல வேளைகளில் வேறொருவர் வாயினாற் பேசிச் சேர்க்கப்பட்டது. கண் தெருவுக்குச் சென்றது. காது அறைக்குள்ளேயே தங்கிவிட்டது.

காது வெளியே போகாமைக்குக் காரணம் பாரம். ஒலியை ஒளிக்கோடாகப் படச்சுருளில் வரையும் கருவிகளைச் சுமக்க ஒரு லொறி வேண்டியிருந்தது. இத்தடையை நீக்கியது காந்த ஒலிநாடா. செருமானியர் 1935ஆம் ஆண்டு பேர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய நாடாப்பதிவு, போருக்குப் பின்னர் அமெரிக்காவை அடைந்தது. அங்கே அதனை முதலில் ஆவலுடன் வரவேற்றவை வானொலி நிகழ்ச்சிகளே. நாடாவைத் தோளில் ஏற்றிய பெருமை ஸ்ரெபான் குடெல்ஸ்கி என்ற இளைஞருக்கு உரியது. 1929ஆம் ஆண்டில் வார்சோ நகரிற் பிறந்து, போரினால் நாடிழந்து, குடும்பத்துடன் சுவிற்சர்லாந்தை அடைந்தவர் அவர். லோசான் நகரில் மாணவராயிருக்கையிலேயே, 1951ஆம் ஆண்டில், கடிகாரத்தைப்போலச் சாவி கொடுத்து இயக்கும் சிறிய பதிவுக்கருவி ஒன்றை அமைத்தார். அதற்கு 'நாக்ரா' என்று பெயரிட்டார். அவரது தாய்மொழியில் 'பதிவு செய்யும்' என்பது அதன் பொருள். அக்கருவியை முதலில் விரும்பி வாங்கியோரும் வானொலி நிலையத்தாரே. 1958ஆம் ஆண்டளவில் வந்த மூன்றாவது நாக்ரா, திரான்சிஸ்டர்களால் அமைந்தது; கைவிளக்குக்கு இடும் பற்றரிகள் பன்னிரண்டினால் இயங்கியது. லொறியில் இருந்த ஒலிச்சாலை ஒரு மனிதனின் தோளில் ஏறியது.

ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. படம் ஓரிடத்திலும் ஒலி வேறோரிடத்திலும் பதியுமாயின், உதடும் சொல்லும் ஒத்துப்போவது எவ்வாறு? நாடாவோ சற்றே நீளும், நழுவும். இதற்குக் கண்ட வழி தாளத்தை ஒத்தது. கமராவின் மோட்டார் ஓடும் வேகத்துக்கேற்ப எழும் மின் துடிப்பொன்றை, குரலோடு சேர்த்து அதே நாடாவிற் பதிந்தனர். குரலைப் பின்னர் படத்தோடு சேர்க்கையில், அத்துடிப்பைத் தாளமாகக் கொண்டு நாடாவின் வேகத்தைத் திருத்தினர். காட்சித் தொடக்கத்தில் தட்டப்படும் பலகை, பாட்டின் எடுப்பைப்போல, இரண்டும் சேரவேண்டிய இடத்தைக் காட்டியது.

இக்கருவி என்ன செய்யவல்லது என்பதை 1960ஆம் ஆண்டுக் கோடைகாலத்திலே பாரிஸ் நகரம் கண்டது. மானிடவியலாளரான ஷான் றூஷும் சமூகவியலாளரான எட்கார் மொறானும், சாதாரண மக்களின் வாழ்வைப் பற்றி 'ஒரு கோடையின் வரலாறு' எனப் பொருள்படும் படத்தை எடுத்துக்கொண்டிருந்தனர். அதிற் பங்குகொண்டவர்களுள் மார்சலின் லொரிடான் என்ற இளம்பெண்ணும் ஒருவர். யூதக் குடும்பத்திற் பிறந்த அவர், 1944ஆம் ஆண்டில், தமது பதினைந்தாம் வயதில், தந்தையாருடன் கைதுசெய்யப்பட்டு அவுஷ்விற்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டவர். மகள் மீண்டார், தந்தை மீளவில்லை.

ஓகஸ்ட் மாதத்து நாளொன்றில் மார்சலின் நாக்ராவைத் தோளில் மாட்டி, சட்டையில் சிறிய ஒலிவாங்கி ஒன்றைச் செருகிக்கொண்டு, ஆளரவம் குறைந்த கொன்கோட் சதுக்கத்தில் நடந்தார். கமரா சற்றுத் தொலைவில் ஒரு மோட்டார் வண்டியிலிருந்தது. அவர் தமக்குள் முணுமுணுப்பவர்போல இறந்த தந்தையை நோக்கிப் பேசலானார்: பிரிவைப் பற்றி, முகாமைப் பற்றி, தாம் திரும்பி வந்த நாளைப் பற்றி. படமெடுத்தவர்களுக்கு அவர் உதடசைவது தெரிந்தது; என்ன சொல்கிறார் என்பது கேட்கவில்லை. நாடாவை ஓட்டிக் கேட்ட பின்னரே அறிந்தனர். அவர் அருகே ஓர் ஒலிவாங்கிக் கோலும், கம்பியும், நாலைந்து மனிதரும் நின்றிருந்தால் அச்சொற்கள் பிறந்திருக்குமோ என்பது ஐயமே. பின்னொரு நாள் ஓர் அறையில் அமர்ந்து, திரையைப் பார்த்து உதடசைவுக்கு ஏற்ப அவற்றைத் திரும்பச் சொல்லச் செய்திருந்தால் அது நடிப்பாகியிருக்கும். ஒருமுறை மாத்திரம் சொல்லக்கூடிய சொல்லும் உண்டு. அது சொல்லப்படும் இடத்தில் காது இருத்தல் வேண்டும்.

அன்று நாக்ராவைச் சுமந்த அப்பெண் அக்கலையை விடவில்லை. யோரிஸ் ஐவன்ஸ் என்ற நெறியாளருடன் 1967ஆம் ஆண்டில் வியட்நாமுக்குச் சென்றார். மண்ணுக்கடியிற் பதுங்கி வாழ்ந்த கிராமத்தாரின் பேச்சையும் அவர்கள்மேல் விழுந்த குண்டுகளின் ஓசையையும் பதிந்தார். அப்படம் 1968ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

கருவி சிறுத்த அதே காலத்தில் தொழிலின் அமைப்பும் மாறிற்று. பழைய ஹொலிவூட்டில் ஒலிப்பதிவாளர் படச்சாலையின் மாதச் சம்பளக்காரர். 1948ஆம் ஆண்டில், பெரிய நிறுவனங்கள் தம் திரையரங்குகளைக் கைவிடும் நிலையை அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு உண்டாக்கியது. தொலைக்காட்சியும் போட்டிக்கு வந்தது. நிலையான பகுதிகளைப் பேணுவது படச்சாலைகளுக்குப் பாரமாயிற்று. நாளடைவில் ஒலிப்பதிவாளர் ஒரு படத்துக்கு ஒருமுறை, ஒரு நாளுக்கு ஒருமுறை, வாடகைக்கு அமர்த்தப்படும் சுயேச்சைத் தொழிலாளரானார். பல இடங்களில் கருவிகளும் அவருடையனவே. உழைப்புக்குக் கூலி, கருவிக்கு வாடகை. ஒரு வேலை முடிந்தால் அடுத்த அழைப்பு வரும்வரை காத்திருத்தல். ஊரூராய்ச் சென்று ஆடும் கூத்துக்கலைஞரின் வாழ்வை ஒத்தது அது.

அவருடைய வேலை படப்பிடிப்புக்கு முன்னரே தொடங்குகின்றது. தெரிந்தெடுத்த வீட்டை மற்றவர்கள் கண்ணாற் பார்க்கையில், அவர் வாயிலில் நின்று கேட்கிறார்: மேலே விமானங்கள் செல்லும் பாதை உண்டா, அயலில் பாடசாலை உண்டா, மின்விசிறி முனகுகின்றதா என்று. குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலை நிறுத்த வேண்டுமாயின், அதனை அணைத்துவிட்டுத் தமது வாகனத்தின் சாவியை அப்பெட்டிக்குள்ளேயே வைக்கும் வழக்கம் இத்தொழிலோரிடம் உண்டு. மாலையில் வீடு திரும்பச் சாவியைத் தேடுகையில் பெட்டியை மீண்டும் இயக்கும் நினைவு வரும். வீட்டாரின் உணவும் கெடாது. காட்சி முடிந்தபின், அனைவரையும் அசையாமல் நிற்கச் செய்து அவ்விடத்தின் மௌனத்தைச் சிறிது நேரம் பதிந்துகொள்கிறார். ஓரறையின் மௌனம் மற்றோர் அறையின் மௌனம் அன்று என்பதை அவர் அறிவார்.

காலம் செல்லச் செல்லக் கருவிகள் பெருகின. 1964ஆம் ஆண்டில் 'மை பெயர் லேடி' படத்தில் றெக்ஸ் ஹரிசன் கம்பியில்லா ஒலிவாங்கியை அணிந்து நடித்தார். 1975ஆம் ஆண்டில் வந்த 'நாஷ்வில்' படத்துக்கு, ஒரே வேளையில் பலர் பேசும் பேச்சைத் தனித்தனித் தடங்களிற் பதிந்தார் ஜிம் வெப். இன்று நாடாவும் மறைந்து, நகத்தளவான நினைவகத் தகட்டிற் பல குரல்கள் அடங்குகின்றன. இந்தியாவிலோ, ஓசை மிகுந்த கமராக்களாலும் களத்தைச் சூழும் மக்கள் கூட்டத்தாலும், பின்னர் அறையிற் பேசிச் சேர்க்கும் வழக்கம் பல்லாண்டுகள் நிலைத்தது. 2001ஆம் ஆண்டில், கச்சு நாட்டுக் கட்டாந்தரையில் எடுத்த 'லகான்' படத்தில் நகுல் காம்தே களத்துக் குரலையே பதிந்தார். பம்பாய்த் தெருக்களின் இரைச்சல் நடுவே 'ஸ்லம்டோக் மில்லியனெயர்' படத்துக்கு ஒலிபதிந்த, கேரளத்திற் பிறந்த ரசூல் பூக்குட்டிக்கு, 2009ஆம் ஆண்டு பெப்ரவரியில், வேறிருவருடன் சேர்த்து ஒஸ்கார் பரிசு கிட்டியது. இரானி இரவில் ஒளிந்து தப்பிய அதே நகரின் ஓசையை, பூக்குட்டி பகலில் நேர்நின்று வென்றார்.

எனினும் கருவி எதுவும் தீர்த்துவைக்காத சங்கடம் ஒன்று இத்தொழிலில் உண்டு. வெயில் சாய்கின்றது, செலவு ஏறுகின்றது, நடிகர் உயிரைக் கொடுத்து நடித்து முடித்துவிட்டார். அப்போது ஒருவர் மட்டும் கையை உயர்த்தி, "விமான ஓசை விழுந்துவிட்டது, இன்னொருமுறை வேண்டும்" என்று சொல்லுதல் வேண்டும். "பின்னர் பார்த்துக்கொள்ளலாம்" என்பது அவருக்குக் கிடைக்கும் வழக்கமான மறுமொழி. வற்புறுத்தினால் தொல்லைக்காரர் என்ற பெயர் வரும். அடுத்த அழைப்பு வராமற் போகலாம். வாய்மூடினால் அன்றைய கூலிக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் குரல் என்றென்றைக்கும் போய்விடும். மாதச் சம்பளக்காரருக்கு இல்லாத இச்சோதனை, நாட்கூலிக்கு உழைக்கும் சுயேச்சைத் தொழிலாளருக்கு நாள்தோறும் வருகின்றது. அவருடைய திறமையை அளக்கக் கருவியின் முள் போதும். அவருடைய நேர்மையை அளப்பது அந்த ஒரு கணமே.

அக்கணம் எத்துணைப் பெரிது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். நள்ளிரவுகளில் கண்விழித்துப் பதிந்த 'ஆலம் ஆரா'வின் பிரதி எதுவும் இன்று கிடைத்திலது. நிழற்படங்கள் எஞ்சின, குரல்கள் மறைந்தன. மார்சலின் லொரிடான் 2018ஆம் ஆண்டில் காலமானார். ஆனால் கொன்கோட் சதுக்கத்தில் நடக்கும் அவருடைய காலடி ஓசையும், தந்தையை அழைக்கும் மெல்லிய குரலும் இன்றும் கேட்கின்றன. அன்று அருகே நின்றவர்களுக்கும் கேளாத சொற்கள், அறுபது ஆண்டுகள் கடந்தும் உலகுக்குக் கேட்கின்றன.