பண்டித ரமாபாயும் பஞ்சத்தின் கல்வியும்

உபத்திரவம் மனிதனை வளர்க்கிறது என்னும் உபதேசத்தை, வேளைதவறாது உண்பவர் பசித்திருப்பவருக்குச் செய்வாராயின், அதனினும் கொடுமையான சொல் வேறில்லை. சாம்பலில் அமர்ந்திருந்த யோபுவைத் தேற்ற வந்த சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் மௌனமாயிருந்தவரை நல்ல சிநேகிதராகவே இருந்தார்கள். துன்பத்துக்குக் காரணம் கற்பிக்க வாய் திறந்த பின்னரே பிழை செய்தார்கள். பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் வினவியபோதும் நம் ஆண்டவர் அவர்களுடைய கணக்கை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும், தேவகுமாரனே பாடுகளின் வாயிலாகக் கற்றுத் தேறினார் என எபிரெயருக்கு எழுதிய நிருபம் துணிந்து உரைக்கிறது. ஆகவே, இன்னாருக்கு இன்ன துன்பம் எதைக் கற்பித்தது என்று தனித்தனியே விசாரிப்பதே நமக்குத் தகும். அவ்வாறு விசாரிக்கப் புகும்போது எனக்கு முதலில் நினைவு வருபவர் பண்டித ரமாபாய்.

1858ஆம் ஆண்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலம் என்னும் வனப்பிரதேசத்தில் பிறந்தவர் அவர். தந்தையாராகிய அனந்த சாஸ்திரி, ஊராரின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல் தம் மனைவிக்குச் சமஸ்கிருதம் கற்பித்த வித்வான். அக்குடும்பம் தலந்தோறும் கால்நடையாய்ச் சென்று, புராணம் வாசித்து, கேட்போர் தரும் காணிக்கையால் ஜீவித்தது. 1870களின் பஞ்சத்தில் அந்தக் காணிக்கை நின்றது. பாத்திர பண்டங்களும் விலையாயின. தந்தை, தாய், தமக்கை என ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். பாகவதத்தின் 18,000 சுலோகங்களையும் பாலியத்திலேயே மனனம் செய்த பெண்ணுக்கு, அவற்றில் ஒன்றேனும் ஒரு பிடி தானியம் ஈட்டித் தரவில்லை. பின்னாளில் அந்நாட்களைப் பற்றி எழுதுகையில் அவர் எதையும் மறைக்கவில்லை: உடலுழைப்பால் பிழைக்கும் வழியைத் தாங்கள் கற்றிருக்கவில்லை, குல அபிமானமும் கல்விச் செருக்கும் கூலிவேலைக்குக் குனிய விடவுமில்லை என்று ஒப்புக்கொண்டார்.

1878இல் கல்கத்தா வித்வான்கள் அவருக்குப் பண்டிதை, சரஸ்வதி என்னும் பட்டங்களை அளித்தனர். 1880இல் தமையனையும், 1882இல் கணவரையும் மரணம் கொண்டுபோயிற்று. கைக்குழந்தை மனோரமாவோடு தனித்து நின்ற அவர், மறு ஆண்டு இங்கிலாந்து சென்று அங்கே ஞானஸ்நானம் பெற்றார். துன்பம் அவரைச் சாதுவாக்கிவிட்டது என எவரும் எண்ண வேண்டாம். தமக்கு ஆதரவளித்த குருமாரோடும் கன்னியரோடும் மனச்சாட்சியின் சுதந்தரம் குறித்து அவர் சளைக்காது வாதாடினார். எனக்கு அந்தப் பிடிவாதமும் அவருடைய விசுவாசத்தின் ஓர் அங்கமாகவே தோன்றுகிறது.

1896-97இல் மத்திய மாகாணத்தைப் பஞ்சம் பற்றியபோது, தாயகம் திரும்பி, பம்பாயில் 1889இல் தோன்றிப் புனாவுக்குப் பெயர்ந்த சாரதா சதனம் என்னும் விதவையர் கல்வியில்லத்தைப் பரிபாலித்துக்கொண்டிருந்த ரமாபாய், தாமே அம்மாகாணத்துக்குப் புறப்பட்டார். எலும்புந் தோலுமாய் நின்ற சிறுமியரை நூற்றுக்கணக்கில் திரட்டிக் கேட்காவ் கிராமத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே எழுத்தறிவு மட்டும் போதாதென்று நெசவு, தோட்டவேலை, பால்பண்ணை, எண்ணெய் ஆட்டுதல், அச்சுத்தொழில் ஆகியவற்றையும் கற்பிக்கச் செய்தார். இந்த ஏற்பாட்டின் மூலத்தைத் தேடுவோர் கல்வி சாஸ்திர நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. ஏட்டறிவு நிறைந்து கைத்தொழில் இல்லாமையால் அழிந்த ஒரு வித்வான் வீட்டை நினைத்தால் போதும். எனினும், பசி மட்டுமே இதைக் கற்பித்ததெனச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. தனித்த பசி கசப்பை விளைத்திருக்கலாம், அல்லது வெறும் சிக்கனத்தை. தச்சுப்பட்டறையில் வளர்ந்த ரட்சகரையும், கூடாரத் தொழிலால் உண்ட பவுலையும் அறிந்த பின்னரே, தம் வீட்டார் இழிவென்று ஒதுக்கிய உழைப்பைக் கனம் பொருந்தியதாகக் காண அவரால் முடிந்தது என்பது என் துணிபு.

இந்த வளர்ச்சி, இழந்தவற்றுக்கு ஈடாகத் தரப்பட்டதன்று. தமக்குப்பின் பொறுப்பேற்பாள் என்று நம்பிய மனோரமா 1921இல் தாய்க்கு முந்தி இறந்தாள். காது மந்தமாகி உடலும் தளர்ந்த நிலையில், வேதாகமத்தை எளிய மராத்தியில் பெயர்க்கும் பணியை ரமாபாய் விடாது நடத்தி, 1922 ஏப்ரல் 5ஆம் நாள் கண்மூடினார். அந்த வேதாகமம் 1924இல் வெளிவந்தது. அதை அச்சிட்டதும் கேட்காவ் அச்சுக்கூடமே.