பெயரை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? ரிச்சர்ட் ஸ்மித்தின் சிகரெட் பெட்டிகள்

பாப் ஆர்ட்னு சொன்னா உடனே ஞாபகத்துக்கு வருவது வார்ஹோலின் சூப் டப்பா. அதே காலத்தில், அதே மாதிரி கடைச் சரக்கை எடுத்து, என்ன பொருள்னே சட்டுனு தெரியாதபடி வரைந்த இன்னொருத்தர் உண்டு. அவர்தான் ரிச்சர்ட் ஸ்மித் (1931–2016).

ஸ்மித் இங்கிலாந்துக்காரர். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் படித்தவர். 1959-ல் உதவித்தொகை கிடைத்து நியூயார்க் போனார். இங்கிலாந்தில் போர்க்கால ரேஷன் முழுசா முடிந்ததே 1954-ல்தான். அங்கிருந்து போனவருக்கு நியூயார்க்கின் ராட்சத விளம்பரப் பலகைகளும், கலர் பத்திரிகைகளும், சினிமாஸ்கோப் திரையும் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அப்போது அங்கே ராத்கோ போன்றவர்களின் அரூப ஓவியம் கொடிகட்டிப் பறந்தது. பெரிய கான்வாஸ், பரந்த வண்ணம், ஆழ்மனம். ஸ்மித் முதல் இரண்டையும் எடுத்துக்கொண்டார். ஆழ்மனம் இருந்த இடத்தில் விளம்பரத்தை வைத்தார். 1961-ல் வரைந்த 'பனடெல்லா'வுக்கு மூலம் சுருட்டில் சுற்றியிருக்கும் காகிதப் பட்டை. விரலளவுப் பட்டை சுவரளவுக்கு விரிகிறது. 1963-ல் செய்த 'கிஃப்ட் ராப்' இன்னும் ஒரு படி மேலே. சட்டத்தின் மேல் கான்வாஸை இழுத்துக் கட்டி, சிகரெட் பெட்டி வடிவங்கள் சுவரிலிருந்து அறைக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்தார். அகலம் ஐந்து மீட்டருக்கு மேல்.

இது விளம்பரத்தைக் கிண்டல் செய்கிறதா, இல்லை அதுக்கே ஜால்ரா போடுகிறதா? எனக்கு இரண்டுமே இல்லைன்னு தோணுது. புரோகிராம் எழுதுகிறவர்கள் பிழை தேடும்போது ஒவ்வொரு பகுதியாக நீக்கி, மிச்சம் ஓடுதான்னு பார்ப்போம். ஸ்மித் செய்தது கிட்டத்தட்ட அதேதான். பிராண்டு பெயரையும் வாசகத்தையும் நீக்கினார். வண்ணம், அளவு, பெட்டியின் வடிவம் மட்டும் மிச்சம். அப்படியும் ஓவியம் நம்மை இழுக்கிறது. அப்போ, ஆசையைத் தூண்டியது வார்த்தை இல்லை.

இதே சோதனை பிற்பாடு தலைகீழாக நடந்தது. 2012 டிசம்பரில் ஆஸ்திரேலியா சிகரெட் பெட்டிகளில் கவர்ச்சியான வண்ணத்துக்கும் லோகோவுக்கும் தடை போட்டது. மங்கலான ஒரே நிறம், ஒரே எழுத்துரு, எச்சரிக்கைப் படம். பிராண்டு பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள். ஸ்மித் தூக்கி எறிந்ததை அரசாங்கம் வைத்துக்கொண்டது. அவர் வைத்துக்கொண்டதை அது தடை செய்தது. புகையிலைக் கம்பெனிகள் அதை எதிர்த்து அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயின. பெயர் மட்டும் போதும்னா, அவ்வளவு தூரம் ஏன் போகணும்?