கழன்ற சக்கரமும் கைக்கு எட்டாத கடிதமும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் பெருந்தெரு சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு அட்டாளைச்சேனையை அடைகிறது. கிழக்கே கடல்; மேற்கே வயல். கடலின் உப்புக் காற்றும் வயலின் சேறும் கலந்த இத்தெருவில் 1950களில் ஓடிய மோட்டார் வண்டிகளுள் மொறிஸ் மைனரை அறியாதார் இலர். திருமண ஊர்வலத்துக்கும் அதுவே. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதற்கும் அதுவே.

அவ்வண்டிக்கு ஒரு பொல்லாத குணம் இருந்தது. நெடுந்தூரம் நல்லபடியாக ஓடிவரும். சந்திக்கு வந்து, சாரதி சுக்கானை முற்றாக ஒடித்து வண்டியைத் திருப்ப முயலும்போது முன்புறத்தில் ஓர் ஓசை கேட்கும். இறங்கிப் பார்த்தால், ஒரு முன்சக்கரம் மட்காட்டின் கீழ் மடிந்து கிடக்கும். வண்டி, முழங்கால் மடித்த எருதைப்போல ஒருபுறம் சாய்ந்து நிற்கும். கூட்டம் கூடும். கராஜிலிருந்து வந்த பாஸ் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்கும் முதற் கேள்வி ஒன்றுதான்: “கிறீஸ் அடித்தீர்களா?”

அக்கேள்வியின் வரலாறே இங்குக் கூறப்படுவது. முன்சக்கரம் ஒடிந்தால் அது யார் குற்றம்? வண்டியை வாங்கியவன் குற்றமா, வரைந்தவன் குற்றமா? இதற்கு உலகம் ஒரு விடை காண ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது. அந்த விடையும் எல்லோருக்கும் எட்டிவிட்டது என்று சொல்வதற்கில்லை.

மொறிஸ் மைனர் 1948 ஒக்டோபரில் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. அதனை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். அக்காலத்துச் சிறு வண்டிகள் பல முன்புறத்திலும் மாட்டு வண்டிபோல ஒரே அச்சுக் கொண்டவை. இசிகோனிஸ் முன்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்குமாறு அமைத்தார். வில்லுக்குப் பதிலாக, வண்டியின் அடியில் நெடுகக் கிடக்கும் உருக்குக் கம்பி முறுகி நிமிர்ந்து அதிர்ச்சியைத் தாங்கும். வளைவுகளில் அவ்வண்டி தெருவைப் பற்றிக்கொண்டு திரும்பியதைப் புகழாத சாரதி இல்லை. 1960ஆம் ஆண்டின் முடிவில் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது; பிரித்தானிய வண்டி ஒன்று அவ்வெண்ணிக்கையை எட்டியது அதுவே முதற்றடவை.

புகழ் பெற்ற அந்த அமைப்பிலேதான் பலவீனமும் இருந்தது. சக்கரத்தைத் தாங்கி நிற்கும் செங்குத்தான முளையின் இரு முனைகளிலும் மரை வெட்டப்பட்டிருக்கும். மேலும் கீழும் உள்ள ட்ரனியன் என்னும் உறைகளுக்குள், ஆணி சுரைக்குள் திருகி நிற்பதுபோல, அம்மரைகள் திருகி நிற்கும். சுக்கானைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் மரை மரையோடு உராயும். உள்ளே கிறீஸ் இருக்குமட்டும் பாதகமில்லை. கிறீஸ் வற்றி, மணலும் உப்பு நீரும் புகுந்துவிட்டால், மரை சிறிது சிறிதாக அரைபட்டுப் போகும். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கடைசி மரையும் தேய்ந்த அன்று கீழ்முனை உறையை விட்டுக் கழன்றுவிடும். மெதுவாகத் திரும்பும்போதே இது பெரும்பாலும் நேர்ந்தமையால் பல உயிர்கள் தப்பின என்பது ஓர் ஆறுதல்.

ஆகவே, பாஸ் கேட்ட கேள்வி நியாயமானதே. கம்பனியின் கைநூலிலும் இத்தனை மைலுக்கு ஒருமுறை இவ்விடத்தில் கிறீஸ் செலுத்துக என்று எழுதப்பட்டிருந்தது. ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கரைவாகுப் பற்றின் வண்டிக்காரனும் தன் மாட்டு வண்டியின் அச்சுக்கு எண்ணெய் இட்டவனே. எண்ணெய் குறைந்தால் சக்கரம் கிரீச்சிட்டு அவனுக்குச் சொல்லிவிடும். மோட்டார் வண்டியோ சொல்லாது. தாங்கும் மட்டும் தாங்கிப் பின் ஒரே கணத்தில் கைவிடும். முன்னறிவிப்பின்றி முறியும் ஓர் உறுப்பைச் செய்துவிட்டு, காக்கும் பொறுப்பு முழுவதையும் வாங்கியவன் தலையில் வைப்பது எவ்வளவு தூரம் முறையாகும்? இக்கேள்வியை அன்று எவரும் கேட்கவில்லை. வண்டி வைத்திருப்பவன் வசதி படைத்தவன். அவன் முறைப்பாட்டுக்கு யார் இரங்குவார்?

உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து புகையிரதத்தில் மட்டக்களப்புக்கு வரும். அங்கிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே பயணப்பட வேண்டும். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை பழைய வண்டிகளையே வைத்துக் காலந்தள்ள நேர்ந்தது. தேய்ந்த மரையின்மேல் உலோகத்தைப் பற்றவைத்து, லேத்தில் கொடுத்துப் புதுமரை வெட்டும் கைவினை அக்காலத்தில் வளர்ந்தது. இத்திறமை வீண்போகவில்லை. 1990களில் மொறிஸ் மைனருக்கான தகட்டு உறுப்புகளை இலங்கைத் தொழிலாளரே செய்து, அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தனர். பேரன் பாட்டனுக்குச் சட்டை தைத்துக் கொடுத்த கதை!

பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னையிலும் இதே துன்பம் வேறோர் உருவில் தோன்றியது. அங்கு ஸ்ராண்டட் மோட்டார் கம்பனி 1961 முதல் ஹெரல்ட் என்னும் அழகிய வண்டியைச் செய்தது. பிரித்தானிய ட்ரயம்ப் ஹெரல்டின் வழிவந்தது அது. அதன் முன்சக்கரமும் ட்ரனியன் ஒன்றிலேயே நின்றது. ஆனால் அதற்குக் கிறீஸ் ஆகாது; தடித்த எண்ணெயே இட வேண்டும் என்பது செய்தவர் கட்டளை. மற்றெல்லா வண்டிக்கும் கிறீஸ் அடித்துப் பழகிய கை ஹெரல்டுக்கு மட்டும் எண்ணெய் தேடுமா? கிறீஸ் உள்ளே சென்று வழியை அடைத்துக்கொள்ள, நீர் புகுந்து உருக்குத் துருப்பிடித்து, ஒருநாள் சக்கரத்தைத் தாங்கும் தண்டு முறிந்தது. மாதந்தோறும் கிறீஸ் அடித்துப் பேணியவனின் வண்டியும் இவ்வாறு முறிந்ததுண்டு. கவனமின்மையாற் கெட்டவனையும் கவனத்தாற் கெட்டவனையும் ஒருசேர வைத்து, “சரியாகப் பராமரிக்கவில்லை” என்ற ஒரே தீர்ப்பை வழங்கியது அக்காலம். அந்நாளில் இந்தியாவில் வாங்கக் கிடைத்தவை அம்பாசிடர், பியற், ஹெரல்ட் என்ற மூன்றே கார்கள். பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து வண்டி பெற்றவன், பெற்றதே பேறு என்றிருந்தான்.

காற்றுத் திசை மாறியது அமெரிக்காவில். 1965இல் ரல்ஃப் நாடர் என்னும் இளம் வழக்கறிஞர் ஒரு நூல் வெளியிட்டார். செவர்லே கோர்வெயர் என்னும் வண்டியின் பின்சக்கரத் தொங்கமைப்பே அதன் முதல் இலக்கு. விபத்து என்றாலே சாரதியைப் பழித்து வந்த நாட்டில், வரைபட மேசையையும் விசாரியுங்கள் என்றார் அவர். மறு ஆண்டு, 1966 செப்டெம்பர் 9ஆம் நாள், சனாதிபதி ஜோன்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒப்பமிட்டார். குறை கண்டால் வண்டிச் சொந்தக்காரருக்கு எழுதித் தெரிவிக்கும் கடமை அதனாற் பிறந்தது. குறையைச் செலவின்றித் திருத்திக் கொடுக்கும் கடமை 1974ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. மீளழைப்பு என இன்று வழங்கும் முறை இவ்வாறே சட்டவடிவம் பெற்றது. பழைய கேள்வி அங்குத் தலைகீழாயிற்று, “கிறீஸ் அடித்தீர்களா?” என்று கேட்டவர், “ஏன் இப்படிச் செய்தீர்?” என்ற கேள்விக்கு விடை கூற வேண்டியவரானார்.

சட்டம் வந்ததும் எல்லாரும் நேர்மையாளராகிவிடவில்லை. யப்பானில் மீளழைப்பு முறை 1969இல் தொடங்கியது. ஆயினும், வாடிக்கையாளரின் முறைப்பாடுகளை 1977 முதலே மறைத்து வந்ததாக மிற்சுபிஷி நிறுவனம் 2000ஆம் ஆண்டில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதன்பின் நடந்தது இன்னும் கொடிது. 2002 சனவரியில், யோக்கோகாமா நகரில் அந்நிறுவனத்தின் கனரக வண்டி ஒன்றின் முன்சக்கரம் ஓடும்போதே கழன்று உருண்டு, நடைபாதையிற் சென்ற ஓர் இளந்தாயைக் கொன்றது. அவருடன் சென்ற பிள்ளைகள் இருவரும் காயமுற்றனர். நிறுவனம் கூறிய விளக்கம் யாது? வண்டி சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்பதே! அட்டாளைச்சேனைச் சந்தியிற் கேட்ட அதே குரல். ஈராண்டுகள் சென்று, 2004 மார்ச்சில், சக்கரத்தைத் தாங்கும் குடம் போதிய வலுவின்றிச் செய்யப்பட்டது என்று ஒப்புக்கொண்டு, ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளை மீளழைத்தது. பொறுப்பிலிருந்த இருவரை நீதிமன்றம் 2007இற் குற்றவாளிகள் எனக் கண்டது. 2012இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

இன்றைய வண்டிகளில் ட்ரனியன் இல்லை. அதன் இடத்தில் போல் ஜொயின்ட் எனப்படும் குண்டு மூட்டு இருக்கிறது. அது பெரும்பாலும் ஆயுளுக்கும் போதுமான கிறீஸுடன் மூடிவரும். சொந்தக்காரன் செய்வதற்கு ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் டொயோட்டா நிறுவனம் 2005இல் அமெரிக்காவில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளை முன்புறக் கீழ் மூட்டின் குறைக்காக மீளழைத்தது. 2007இல் அதே உறுப்புக்காக மேலும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவற்றை அழைத்தது. 2020 ஒக்டோபரில் சீனாவில் டெஸ்லாவின் மின்சார வண்டிகள் ஏறத்தாழ முப்பதாயிரம், முன் தொங்கமைப்பின் குறைக்காக மீளழைக்கப்பட்டன. அந்நிறுவனம் அமெரிக்க அதிகாரிகளுக்கு எழுதியபோது, குறை வண்டியில் இல்லை, சீனச் சாரதிகளின் முரட்டுத்தனமே காரணம் என்று வாதிட்டது. சீன அதிகாரிகள் அதனை ஏற்கவில்லை. கிறீஸ் போனாலும் கேள்வி போகவில்லை.

இந்தியாவில் 2012இல் உற்பத்தியாளர் தாமாக ஏற்ற ஒழுங்காகத் தொடங்கிய மீளழைப்பு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தாற் சட்டமாயிற்று. இனி, அம்பாறைக் கரைக்குத் திரும்புவோம். 1977இன் பின் இங்கு வந்து நிறைந்தவற்றுள் பெரும்பகுதி யப்பானில் ஓடிப் பாவித்த வண்டிகள். மீளழைப்புக் கடிதம் பதிவேட்டிலுள்ள முகவரிக்கே செல்லும். நகோயாவில் ஒருவர் பெயரிலிருந்த வண்டி பதிவு நீக்கப்பட்டு, கப்பலேறி, ஒலுவிலில் ஒரு வீட்டு முற்றத்தில் நிற்கும்போது, அதன் புதிய சொந்தக்காரர் பெயர் அப்பதிவேட்டில் இல்லை. நகோயாவில் இலவசமாக மாற்றப்படும் மூட்டு, இங்கு முறிந்தபின் கைக்காசு கொடுத்து மாற்றப்படுகிறது. பாவித்த வண்டியை வாங்குவோர் மைல் மீட்டரை மூன்று முறை பார்ப்பர். குறை திருத்தப்பட்டதா என்பதைப் பார்ப்போர் சிலரே.

பார்க்க வழியில்லாமல் இல்லை. ஒவ்வொரு வண்டியின் எஞ்சின் அறையிலோ கதவோரத்திலோ சிறு தகடு ஒன்றில் சட்டக இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். யப்பானிய நிறுவனங்கள் தம் இணையத்தளங்களில் அவ்விலக்கத்தைக் கொண்டு நிலுவையிலுள்ள மீளழைப்பைக் கண்டறிய இடம் வைத்துள்ளன. இலக்கத்தைக் கொடுத்தால் விடை உடனே வருகிறது. வருவது யப்பானிய மொழியில்.