தறியை விட்டு எழுந்து போக முடிந்த காலம்

இந்த எபிசோட் ஆரணியில் ஆரம்பிக்குது. திருவண்ணாமலை மாவட்டத்தில் பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். போன மாசம் அங்கே ஒரு நெசவாளர் வீட்டில், குழித்தறி பக்கத்தில் உட்கார்ந்து ரெக்கார்டரை ஆன் பண்ணினேன்.

"அண்ணே, ஒரு புடவை நெய்ய எத்தனை நாள் ஆகும்?"

நாள் கணக்கைச் சொன்னார். அப்புறம், "இந்தக் கூலி விஷயம் பார்த்தீங்கன்னா தம்பி..."ன்னு இழுத்தார். நான் அடுத்த கேள்விக்குத் தாவிட்டேன். எடிட் பண்ணும்போதுதான் அது காதில் விழுந்தது. அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவே இல்லை.

இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம். 1751 டிசம்பர். ஆற்காடு முற்றுகை முடிஞ்ச கையோட, இதே ஆரணி பக்கத்தில் ராபர்ட் கிளைவின் படை ராஜா சாகிப்பையும் அவருக்குத் துணை வந்த பிரெஞ்சுக்காரர்களையும் தோற்கடிச்சது. அந்தக் காலத்தில் தென்னிந்தியப் பருத்தித் துணிக்கு ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர், உள்ளூர் வியாபாரிகள்னு பல பேர் போட்டி போட்டாங்க. முன்பணம் கொடுத்துத்தான் துணி நெய்யச் சொல்வாங்க.

வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி, 2001இல் வெளியான தன் நூலில் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டுகிறார். விலை ஒத்துவரலைன்னா, நெசவாளர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முறிச்சுக்கலாம். இல்லைன்னா தறியை விட்டு எழுந்து, வேற ஆட்சிப் பகுதிக்கே குடிபோயிடலாம். அதனால் அவங்க பேசினா, எதிரில் இருந்தவங்க கேட்டே ஆகணும்.

கம்பெனி கையில் ஆட்சி வந்ததும் இது மாறிச்சு. போட்டி வியாபாரிகள் ஓரங்கட்டப்பட்டாங்க. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகும் வழி அடைபட்டது. நெசவாளர்கள் பேசுறதை நிறுத்தலை. கேட்க வேண்டிய அவசியம்தான் கம்பெனிக்கு இல்லாமப் போச்சு.

இதை மனசுல வச்சுக்கிட்டு 1957க்கு வாங்க. கார்ல் ரோஜர்ஸ், ரிச்சர்ட் ஃபார்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 'ஆக்டிவ் லிசனிங்' என்ற சிறு நூலை எழுதினாங்க. வெளியிட்டது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தொழிலுறவு மையம். அதாவது, தொழிலாளி பேசுறதை மேலதிகாரி எப்படிக் கேட்கணும் என்பது அங்கே முக்கியமான கேள்வி. சொல்றவரோட இடத்தில் இருந்து பாருங்க, வார்த்தைக்குப் பின்னால் இருக்கிற உணர்வைக் கவனிங்க, புரிஞ்சதைத் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கன்னு சொன்னாங்க. இதில் ஓர் ஆபத்தும் இருக்குன்னாங்க: உண்மையா கேட்டா, நாம மாற வேண்டி வரலாம்.

நம்மை விட்டுப் போகக்கூடியவங்க பேச்சை நாம எல்லாரும் நல்லாத்தான் கேட்கிறோம். கிளையன்ட் கால்ல என் காது அவ்வளவு கூர்மை! புதுசா சேர்ந்த ஜூனியர், அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன், வீட்டில் அம்மா... இவங்க பேசும்போதுதான் கண் போனுக்குப் போகுது. எங்கே போயிடப் போறாங்கன்னு ஒரு நினைப்பு. நிஜமான பரீட்சை அங்கேதான் இருக்கு.

நான் ஆரணிக்கு போன் போட்டேன். "அண்ணே, அன்னைக்குக் கூலியைப் பத்தி ஏதோ சொல்ல வந்தீங்க. நான் குறுக்கே புகுந்துட்டேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "பட்டு நூல் விலை ஏறுது, புடவை விலை ஏறுது. கூலி மட்டும் ஏறல. வேற முதலாளிகிட்ட போகலாம்னா, வாங்கின முன்பணம் பாக்கி நிக்குது தம்பி."

"அப்போ முன்பணத்தை அடைக்காம உங்களால எழுந்து போக முடியாது. அப்படித்தானே அண்ணே?"

"அதேதான்"னார். அப்புறம் நாற்பது நிமிஷம் பேசினார். நான் கேள்வி லிஸ்ட்டைத் தொடவே இல்லை.