திரை சிறுத்த கதை

செஞ்சியில் என் வயதுக்காரர்கள் கதை கேட்டு வளர்ந்தவர்கள். ராஜகிரியைக் காட்டியபடி, 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட தேசிங்கு ராஜனின் கதையை என் பாட்டி சொல்வார். நடுவில் நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பார். நான் பயந்திருந்தால் குரலைத் தணித்துக்கொள்வார்.

பிறகு திரை வந்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. எங்கள் தெருவுக்குப் பெட்டி வந்துசேர ஆண்டுகள் பிடித்தன. வந்ததும் ஒரே வீட்டுக்குத்தான். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' என்றால் தெருவே அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் முன்னால், பெரியவர்கள் பின்னால். "தள்ளி உட்காருடா" என்று சொல்ல யாராவது இருந்தார்கள்.

1993-இல் சன் டிவி வந்தது. 2006 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியது. அவரவர் வீட்டில் அவரவர் பெட்டி என்றானது. அப்போதும் அப்பாவுக்குச் செய்தி, பிள்ளைக்குக் கார்ட்டூன் என்று சண்டையாவது நடந்தது. சண்டை போடவும் சேர்ந்துதானே உட்கார வேண்டும்!

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடின. பாடமே கைப்பேசியில் வந்தது. திரை உள்ளங்கை அளவுக்குச் சிறுத்தது. பக்கத்தில் இருந்த பெரியவருக்கு அதில் இடமில்லை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அம்மொழியில் 'சுர்வெய்யே' என்றால் கண்காணிப்பது. 'வெய்யே' என்றால் நோயாளியின் அருகே கண்விழித்து இருப்பது. ஒன்றிலிருந்து பிறந்ததுதான் மற்றது. நாம் முதலாவதை நன்றாகச் செய்கிறோம். கைப்பேசியைப் பிடுங்குகிறோம், பூட்டுப் போடுகிறோம். இரண்டாவதைத்தான் மறந்துவிட்டோம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதும் இதுதான். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர்கள் கூட இருந்து புத்தகம் வாசிக்கட்டும், கதை சொல்லட்டும் என்றும் அதில் இருக்கிறது. என் பாட்டி அதைப் படித்தவர் அல்லர்.

சென்ற மாதம் பேரன் பள்ளியில் நடந்த ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் நிறுத்தி, "தாத்தா, போனைக் கீழே வைங்க, அப்புறம் சொல்றேன்" என்றான். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன், நண்பர்களே. வைத்துவிட்டேன். மறுநாள் மாலை இருவரும் கோட்டைப் பக்கம் நடந்து போனோம். தேசிங்கு ராஜன் கதையைத் தொடங்கினேன். நடுவில் நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தேன்.