தோல் சொல்லும் பொய்

2020ஆம் ஆண்டில் கடை வாசல்களிலும் அலுவலக முகப்புகளிலும் நம் நெற்றிக்கு நேரே துப்பாக்கிபோல் நீட்டப்பட்ட கருவியை நாம் மறந்திருக்க மாட்டோம். வெயிலில் நடந்து வந்தவருக்கு ஓர் எண்; குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியவருக்கு வேறோர் எண். கருவியைப் பழிப்பதில் பயனில்லை. அது தோலின் வெப்பத்தைச் சொன்னது. நாம் கேட்டதோ உள்ளிருக்கும் வெப்பத்தை. காற்றுக்கும் வியர்வைக்கும் ஏற்பத் தோல் மாறிக்கொண்டே இருக்கும். உடலைத் துளைக்காமல், எதையும் உள்ளே செலுத்தாமல், அதற்கு அப்பாலுள்ள வெப்பத்தை அறிவது எப்படி? மருத்துவ வரலாற்றில் இது எளிய வினாவாக இருந்ததில்லை.

லைப்ஸிக் நகரின் மருத்துவர் கார்ல் வுண்டர்லிஷ், ஏறக்குறைய 25,000 நோயாளிகளின் வெப்ப அளவுகளை ஆராய்ந்து 1868இல் தம் நூலை வெளியிட்டார். 37 டிகிரி செல்சியஸ் என்ற எண் நம் நினைவில் தங்கியது அவரால்தான். அவர் பெரிதும் நம்பிய இடம் அக்குள். கையை மூடி வைத்தால் வெப்பம் வெளியேறும் வழி அடைபடுகிறது. மெல்ல மெல்லத் தோலே உள்ளுறுப்பைப் போலாகிவிடுகிறது. அதற்குப் பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டும் என்பதுதான் சிரமம். இந்த அக்குள் தந்திரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்து நாம் சந்திக்கும் மனிதரைச் சற்றுத் தயக்கத்தோடுதான் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. 1905இல் ஜெர்மனியில் பிறந்த தியோடர் பென்ஸிங்கர், போர்க்காலத்தில் அந்நாட்டு விமானப்படையின் மருத்துவ ஆய்வாளர். கடலில் விழும் விமானிகளைக் காக்க வழி தேடுவதாகச் சொல்லி, 1942-43இல் டாஹாவ் வதைமுகாமில் கைதிகளைப் பனிநீரில் அமிழ்த்தி, உடலுக்குள் கருவியைச் செலுத்தி, வெப்பம் இறங்குவதைக் குறித்துக்கொண்டே இருந்தார்கள். பலர் இறந்தனர். அச்சோதனைகளை நடத்தியவர் ராஷர்; பென்ஸிங்கர் அல்லர். ஆயினும் அப்படையின் மருத்துவர்கள்மீது விழுந்த ஐயத்தில் பென்ஸிங்கரும் 1946இல் கைதாகி நியூரம்பர்க்கில் வைக்கப்பட்டார். பின்னர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டு அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்துக்குச் சென்றார்.

அங்கே அவர் தேர்ந்தெடுத்த வாசல் காது. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ்தான் உடல்வெப்பத்தை ஆள்கிறது. செவிப்பறை அதற்கு அருகில் இருக்கிறது. மெல்லிய மின்கம்பி ஒன்றைச் செவிப்பறையைத் தொடுமாறு வைத்து அளந்தார். 1959இல் அவர் வெளியிட்ட முடிவு அழகானது. வெப்ப அறையில் இருப்பவர் பனிக்கூழ் உண்கிறார். செவிப்பறையின் வெப்பம் இறங்குகிறது, வியர்வையும் குறைகிறது. வியர்வை குறைந்ததால் தோல் சூடேறுகிறது! உள்ளே குளிர்கையில் வெளியே சூடு. தோலை மட்டும் நம்பியவர் நேர் எதிரான முடிவுக்கே வந்திருப்பார். செவிப்பறையைத் தொட்ட கம்பி உறுத்தியிருக்கும் என்பதில் ஐயமில்லை. தொடாமலே அகச்சிவப்புக் கதிரை வாங்கி அளக்கும் காதுமானி பின்னர் வந்தது. அந்தத் தொடாக் கருவியின் வம்சாவளியில் பென்ஸிங்கரின் பெயர் இருப்பதை நாம் எவ்விதம் எடுத்துக்கொள்வது? விசாரணையே நடக்காத ஒருவர்மீது தீர்ப்பெழுத நமக்கு உரிமையில்லை. மறந்துவிடவும் மனம் ஒப்பவில்லை.

அக்குளுக்குத் திரும்புவோம். 1971இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபாக்ஸ், சால்மன் என்ற இருவர் அதே தந்திரத்தைத் தட்டையான தோலின்மீதே நிகழ்த்தினர். தோல்மேல் ஒரு சிறு வில்லை. அதனுள் வெப்பங்கடத்தாப் பொருளின் இருபுறமும் இரண்டு உணரிகள். மேலே ஒரு சூடேற்றி. இரண்டு உணரிகளும் ஒரே அளவைக் காட்டும்வரை சூடேற்றி இயங்கும். அப்போது தோலிலிருந்து வெப்பம் வெளியேற வழியில்லை. கீழுள்ள திசுவும் தோலும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிட, ஆழத்திலுள்ளது மேலே வந்து நிற்கிறது. பொய் சொல்லும் தோலை உண்மை சொல்ல வைக்க, அதன்மேல் ஒரு போர்வை போதுமானதாக இருந்தது.

இன்று காந்த ஒத்ததிர்வுப் படக்கருவி இன்னும் ஆழத்துக்குச் செல்கிறது. நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருவின் ஒத்ததிர்வு அலைவெண், ஒரு டிகிரி ஏறினால் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு நகரும். அந்த நகர்வைக் கணக்கிட்டு, மண்டையோட்டைத் திறக்காமல் குவித்த ஒலியலைகளால் மூளையின் ஒரு புள்ளியைச் சுடும்போது அங்கே எத்தனை டிகிரி ஏறியது என்று மருத்துவர் திரையில் பார்க்கிறார். ஆனால் இம்முறை ஏற்றத்தையும் இறக்கத்தையும் மட்டுமே சொல்லும். தொடங்கும்போது என்ன வெப்பம் இருந்தது என்பதைத் தெர்மாமீட்டரைத்தான் கேட்க வேண்டும்.