இரவற் குரலும் சொந்தக் குரலும்

தமிழ்ப் படவுலகம் பாடத் தெரிந்தவரையே கதாநாயகராக வரித்துக்கொண்ட காலமொன்றிருந்தது. அக்காலத்தின் முடிசூடா மன்னர் எம். கே. தியாகராஜ பாகவதர். 1944இல் சிறைப்பட்ட அவர் 1947இல் விடுதலையாகி மீண்டபோது பழைய சிம்மாசனம் அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் அவர்தம் சாரீரத்தின் மயக்கம் மக்களை விட்டகலவில்லை.

மதுரையிலே சௌராஷ்டிரக் குடும்பமொன்றில் 1922 மார்ச் 24ஆம் நாள் பிறந்த ரி. எம். சௌந்தரராஜன் அம்மயக்கத்தின் பிள்ளையெனலாம். காரைக்குடி இராஜமணி ஐயங்காரிடம் முறையாகச் சங்கீதம் பயின்றவராயினும், 1946இல் "கிருஷ்ண விஜயம்" படத்துக்கு அவர் பாடிய முதற் பாட்டிலே ஒலித்தது பாகவதரின் சாயலே. அப்படமோ 1950இலேதான் வெளிவந்தது! பிறர்போற் பாடுவோர்க்குப் பிழைப்பு உண்டு. பெயர் கிட்டுவது அரிது.

பெயர் கிட்டியது 1954இல். ஜி. இராமநாதன் இசையமைத்த "தூக்குத்தூக்கி"யில் சிவாஜி கணேசனுக்கும், எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைத்த "மலைக்கள்ள"னில் எம். ஜி. இராமச்சந்திரனுக்கும் பாடினார். "பராசக்தி"யில் சி. எஸ். ஜெயராமன் குரலோடு சிவாஜியைக் கண்டு பழகிய இரசிகர்கள் புதிய குரலையும் ஏற்றனர். ஏன்? நெஞ்சின் ஆழத்திலிருந்து கனத்தெழும் நாதம் சிவாஜிக்கு. சற்றே மூக்கோசை கலந்த, எடுப்பான தொனி எம். ஜி. ஆருக்கு. திரையைக் காணாமலே யாருக்கான பாட்டென்று சொல்லிவிடலாம். பாகவதரைப் பின்பற்றிப் பெற்ற அப்பியாசமே இங்கு கைகொடுத்ததென்பது எமது எண்ணம்.

1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைப் பெரிதும் ஒதுக்கிவைத்தபோது, இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பே கடல்கடந்தும் அவற்றைக் கேட்கச் செய்தது. பின்னணிப் பாடகர் புகழில் எம் நாட்டுக்கும் பங்குண்டென்பது மிகையன்று.

எனினும் குரலை இரவல் கொடுப்பவர்க்கு முகமில்லை. "பட்டினத்தார்" (1962), "அருணகிரிநாதர்" (1964) ஆகிய இரு படங்களிலும் அவரே அருளாளராக நடித்துப் பாடினார். திருப்புகழின் முதற் பாடலை, நாவைத் தடுமாறச் செய்யும் அதன் சந்தம் சிறிதும் பிசகாது அவர் பாடியதைக் கேட்டோர் மறவார். அங்கே பாடியவரும் பாடுவதாகத் தோன்றியவரும் ஒருவரே.

எழுபதுகளில் எஸ். பி. பாலசுப்பிரமணியம், யேசுதாஸ் ஆகியோரின் மென்குரல்களுக்கு இசையமைப்பாளர் மனம் சாய்ந்தது, வாய்ப்புக்கள் அருகின. முருகன் பாடல்களோ ஆலயங்களில் ஒலித்துக்கொண்டேயிருந்தன. 2003இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2010இல் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுப் பாடலிலே தம் எண்பத்தெட்டாம் வயதிலும் குரல் கொடுத்தார். 2013 மே 25இல் சென்னையிற் காலமானார்.